முதல் கைதட்டல்

படத்தில் காதலன் மண்டியிட்டுக் காதலைச் சொல்லும்போது சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டுமே, அந்தக் கைதட்டலை யார் தொடங்கிவைக்கிறார்கள் என்று நீங்கள் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்கவும் வேண்டாம். அது தானாக நடப்பதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஒருத்தியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவருகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒருத்தி இவள்தான். படப்பிடிப்புத் தளத்தில் யாரும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "முதல் கை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இவளும் கையைத் தூக்கிக் காட்டுவாள்.

வேலை சின்ன வேலைதான், ஆனால் எல்லோருக்கும் வராது. விமான நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணை நடிகர்கள் ஐம்பது பேர் காலிப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நிற்பார்கள். கதாநாயகன் தலைதெறிக்க ஓடி வருவான். காவலாளிகள் தடுப்பதுபோல் தடுத்து வழிவிடுவார்கள். அவன் மூச்சிரைக்க மண்டியிட்டு, படம் முழுக்கச் சொல்லாமல் இழுத்தடித்ததைச் சொல்லித் தொலைப்பான். கதாநாயகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். அதுதான் இவளுக்கு அடையாளம். மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். ஒன்றிலேயே தட்டிவிட்டால் சொல்லிக் கொடுத்துத் தட்டுவது தெரிந்துவிடும். ஐந்து ஆகிவிட்டால் காட்சி செத்துப்போகும். மூன்றில் ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தட்டு. பிறகு கூட்டம் பிடித்துக்கொள்ளும்.

மற்றவர்கள் மதியச் சாப்பாடு எப்போது வரும் என்று நினைத்துக்கொண்டே தட்டுவார்கள். இவள் நிஜமாகவே கண் கலங்கித் தட்டுவாள். பதினோராவது டேக்கிலும் கலங்கும். இணை இயக்குநர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துத்தான் இவளைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து இந்த இடத்தில் நிறுத்தினார். இத்தனைக்கும் இவளுடைய சொந்தக் கதையில் புருஷன், மகளுக்கு மூன்று வயதாகும்போது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனைத் தடுக்க எந்த விமான நிலையத்துக்கும் யாரும் ஓடவில்லை.

மகள் வேறு மாதிரி. சின்ன வயதில் அம்மா கைதட்டுகிற படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதே குறும்பு பண்ணுவாள். "இப்ப ரெண்டு பேரும் முட்டிக்குவாங்க, புத்தகம் கீழ விழும்," என்பாள். விழும். "இப்ப மழை வரும்." வரும். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நல்ல மாப்பிள்ளை ஒருவன் இடைவேளைக்குப் பிறகு வந்தால், "பாவம், இவனுக்குப் பட்டுவேட்டிதான் மிச்சம்," என்று சிரிப்பாள். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் தலையில் செல்லமாகக் குட்டுவாள். அந்த நாட்களில் இரண்டு பேருக்கும் அந்தப் படங்கள் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தன.

மகள் கண் பரிசோதனைப் படிப்பு படித்து, ஒரு பெரிய வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் இருக்கிற கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் அவன் வந்தான். அதே வளாகத்தில் மூன்றாவது மாடி கைப்பேசிக் கடையில் மேற்பார்வையாளன். முதல் தடவை பவர் பார்க்க வந்தான். அடுத்த வாரம் கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காரும் நோஸ்பேட் தளர்ந்துவிட்டது என்று வந்தான். அதற்கடுத்த வாரம் நோஸ்பேட் இறுக்கமாக இருக்கிறது என்றான். இப்படியே எட்டு வாரம். மகள் வீட்டில் அவனுக்கு நோஸ்பேட் என்றே பெயர் வைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் அந்தப் பெயரைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒன்பதாவது வாரம் அவன் காதலிப்பதாகச் சொன்னான். மகள் எனக்கு இதில் விருப்பமில்லை என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான், திரும்ப வந்தான். அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் அவனும் நின்றான். அவள் நேரம் மாற்றி வந்தால் அவனும் மாற்றி வந்தான். நான்கு தடவை கேட்டு நான்கு தடவையும் அவள் முடியாது என்று சொன்ன பிறகு, ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். இந்த இடத்தில் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நாலு தடவையா? படமா இருந்தா இந்நேரம் இடைவேளை விட்டிருப்பாங்கடி," என்றாள்.

மகள் அதற்குச் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவனைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. அம்மா அந்த மௌனத்தைத் தன் தொழில் அறிவைக்கொண்டு அளந்து பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி பேசாமல் ஜன்னலோரம் நின்றால் மனசு இளகுகிறது என்று அர்த்தம். சரி, பெண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து செருப்பு வாங்கப் போவதாகத் திட்டம். அம்மா வேலை முடிந்து நேராக வணிக வளாகத்துக்கு வந்தாள். நகரும் படிக்கட்டின் அடியில் கூட்டம் கூடியிருந்தது. எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக் கடை வாசலில் சிவப்பு பலூன்கள். கைப்பேசிக் கடைப் பையன்கள் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்திருந்தார்கள். பாட்டு ஒலித்தது. கடை மேலாளரே மகளைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து நிறுத்தினார். நடுவில் நோஸ்பேட் மண்டியிட்டான். கையில் மோதிரப் பெட்டி. நூறு கைப்பேசிகள் மேலே உயர்ந்தன.

அவன் என்ன பேசினான் என்பது அம்மாவின் காதில் சரியாக விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாம் கேட்ட வசனம்தான். பாட்டை நிறுத்தினார்கள். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அம்மாவின் கை தட்டிவிட்டது. இடைவெளி. இன்னொரு தட்டு. வளாகமே பிடித்துக்கொண்டது. மேல்மாடிக் கைப்பிடிகளில் சாய்ந்து நின்றவர்களெல்லாம் தட்டினார்கள். மகள் தலை நிமிர்ந்து, முதல் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினாள். தேடிக் கண்டுபிடித்தாள். அம்மா கண்ணில் நீரோடு தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். மோதிரம் ஏறியது.

படமாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இங்கே யாரும் கட் சொல்லவில்லை. மகள் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு, காத்திருந்த ஒரு முதியவருக்கு இரட்டைப் பவர் கண்ணாடி அளவெடுத்தாள். செருப்பு வாங்கவில்லை. பேருந்தில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. நான்கு நிறுத்தம் போன பிறகு மகள் பேசினாள்.

"வேண்டாம்னு சொல்லத்தான்மா இருந்தேன். நீ தட்டிட்ட."

"வாயைப் பொத்திக்கிட்டு நின்னியேடி. நான் சந்தோஷம்னு..."

"எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு."

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். ஆமாம். பள்ளிக்கூட வேனில் போகும்போதும், ஊசி போட்டுக்கொள்ளும்போதும் இந்தப் பெண் இப்படித்தான் வாயைப் பொத்திக்கொள்ளும். பெற்றவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நொடியில் அங்கே நின்றது பெற்றவள் இல்லை. பேருந்திலிருந்து இறங்குகிறவரை அவள் தன் உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரவாயில்லை, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம்தானே என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மறுநாள் காலை மகள் அவனுக்குப் போன் செய்து, கூட்டத்தைப் பார்த்துப் பயந்து தலையாட்டிவிட்டேன், எனக்கு இஷ்டமில்லை என்றாள். அவன் அன்பாகச் சிரித்தானாம். கல்யாணம் என்றால் எல்லாப் பெண்களுக்கும் வருகிற பயம்தான், நான் காத்திருப்பேன் என்றானாம்.

சரி, பெரியவள் போய்ப் பேசினால் கேட்பான் என்று அம்மா மோதிரத்தை எடுத்துக்கொண்டு கைப்பேசிக் கடைக்குப் போனாள். அவன் ஓடிவந்து நாற்காலி போட்டான். குளிர்பானம் வரவழைத்தான். கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டு, இவங்கதான் என் அத்தை, வீடியோவில் முதலில் தட்டுவது இவங்கதான் என்று பெருமையாக அறிமுகம் செய்துவைத்தான். அவள் ஒருவழியாக மோதிரத்தை மேஜைமேல் வைத்து, இது நடக்காது தம்பி, என் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி முடித்தாள். அவன் முகம் வாடவே இல்லை.

"நீங்களே தட்டினீங்களே அத்தை," என்றான்.

தொழில் புத்தியில் தட்டிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அப்புறம் அவனே சமாதானம் சொன்னான். எல்லாக் கதையிலும் பெண்ணின் அம்மா முதலில் எதிர்ப்பதும், கடைசியில் மனசு மாறுவதும் சகஜம்தானே என்றான். மோதிரத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். உங்கள் பெண் என் கண்ணைப் பார்த்து இதைத் தரட்டும், அப்போது நம்புகிறேன் என்றான்.

மகள் அதையும் செய்தாள். ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, பிடிக்கவில்லை என்று சொல்லி மோதிரத்தைக் கொடுத்தாள். அவன் அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாய்தான் அப்படிச் சொல்கிறது, கண் வேறு சொல்கிறது என்றான். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவளிடம் இப்படிச் சொன்னான். அதன் பிறகு தினமும் காலையில் கடை வாசலில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். அட்டையில் அவன் காத்திருக்கும் நாள் கணக்கு. இன்று பன்னிரண்டாம் நாள். இன்று பதின்மூன்றாம் நாள்.

அப்போதுதான் அம்மாவுக்கு மெல்ல உறைத்தது. இவன் மாட்டிக்கொண்டிருக்கிற கதையில் வேண்டாம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. பெண் திட்டினால் அது ஊடல். பேசாமல் இருந்தால் ஏக்கம். அம்மா தடுத்தால் சோதனை. ஊரைவிட்டு ஓடினால் கடைசிக் காட்சிக்கு வண்டி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மறுப்பையும் இப்படி மாற்றிப்போட்டு விளக்கம் சொல்லும் படங்களில் இருபத்திரண்டு வருஷம் நின்று கண்ணீர் விட்டுத் தட்டியவள் அவள். இப்போது அந்தப் படங்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

வீடியோ எட்டுத் திக்கும் போய்விட்டது. கண்ணாடிக் கடை அதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டு, காதல் கண்ணில்தான் தொடங்குகிறது, இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியது. வியாபாரம் கூடியதால் மேலாளர் மகளின் புகார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்கள் ஃப்ரேம் பார்ப்பதை விட்டுவிட்டு, அவரை எப்போது மன்னிப்பீர்கள் என்று கேட்டார்கள். அம்மாவும் மகளும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். புகார் எழுதுகிற அதிகாரி மகளின் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்துபோய், நீதானேம்மா அது, கல்யாணம் எப்போது என்றார். காதலர்களுக்குள் நூறு சண்டை வரும், அதற்கெல்லாம் இங்கே வரலாமா என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். இணை இயக்குநர்கூட அம்மாவைக் கூப்பிட்டார். வீடியோவில் உங்கள் தட்டு பிரமாதம் அக்கா, இயக்குநர் அதே மாதிரி ஒரு காட்சி வைக்க ஆசைப்படுகிறார், பெண்ணின் அம்மாவாகவே வந்து தட்டுங்கள் என்றார். அவள் உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு அவர் கூப்பிட்ட எந்தப் படத்துக்கும் போகவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் மகள் வேலையை விட்டாள். அவனுக்கு வீடு தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டாம் நாள் அட்டை வீட்டு வாசலுக்கு வந்தது.

கீழ்வீட்டு டீச்சர் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார். வெயிலில் நிற்கிறான் பாவம், இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தன் கிடைப்பானா என்று மாடிப்படியில் அம்மாவை நிறுத்திக் கேட்டார். அம்மா நறுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இதே கேள்வியை அவள் எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே மகளிடம் கேட்டிருக்கிறாள். மேலே ஏறிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மகள் பெட்டி கட்டினாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். மகள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கூடப் படித்த பெண் யாராவது ஏற்பாடு செய்தாளா என்று கேட்டாள். மகள் அடுத்த துணியை எடுத்தாள். எரிவாயு பதிவு செய்யும் எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன், ரத்த அழுத்த மாத்திரை இந்த மாதத்துக்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"பெத்தவகிட்டகூடவா சொல்லக் கூடாது? நான் யார்கிட்டடி போய்ச் சொல்லப்போறேன்?"

"நானே கூப்பிடுறேன்மா. நம்பர் தெரியாம வரும். எடு."

அம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து மாதம் சுமந்தது, தனியாளாக வளர்த்தது, ஒரே நாளில் மூன்று படப்பிடிப்புத் தளங்களுக்கு ஓடிப் படிக்க வைத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்காட்டினாள். ஒரு தட்டு தட்டியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்றாள். மகள் கேட்டுக்கொண்டே பெட்டியைப் பூட்டினாள். பிறகு அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அம்மா வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கவில்லை. வந்த கோபம் அவளைச் சமையலறையிலேயே நிறுத்திவைத்துவிட்டது.

அந்தக் கோபம் ஒரு வாரமானாலும் ஆறவில்லை. என்னை என்னவென்று நினைத்துவிட்டாள் இந்தப் பெண் என்று பாத்திரங்களிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எண் எதுவும் காட்டாத அழைப்பு ஒன்று வந்தது. மகள் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். நிம்மதியாகத் தூங்குகிறேன்மா என்றாள். அந்தக் குரலில் பழைய சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. அதற்காகவாவது சந்தோஷப்பட்டிருக்கலாம். இவள் வீம்புக்குச் சரி சரி என்று சொல்லி வைத்தாள்.

மகள் போன பதினைந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நோஸ்பேட் நின்றிருந்தான். கையில் அட்டை இல்லை. கூட நண்பர்கள் யாரும் இல்லை, படம் பிடிக்கக் கைப்பேசியும் இல்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. கதவைச் சாத்தத்தான் கையை வைத்தாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தப்புப் பண்ணிட்டேன் அத்தை. அவங்க சொன்னதைக் கேட்டிருக்கணும். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுட்டா போதும். அப்புறம் அவங்க கண்ணுலயே பட மாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். விக்கி விக்கி, மூக்கு ஒழுக அழுதான். படப்பிடிப்பில் அழுகிறவர்களுக்குக் கண்ணில் விட ஒரு திரவம் வைத்திருப்பார்கள். அது கண்ணை மட்டும்தான் நனைக்கும். இவன் அழுத அழுகையில் உடம்பே ஆடியது. நாடகம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். ஐயோ பாவமே என்று அவளுக்கு நெஞ்சு இளகியது. தப்பை உணர்ந்துவிட்டான். ஒரே ஒரு மன்னிப்புத்தானே. யாருக்கு என்ன குறைந்துவிடும்? அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"இரு தம்பி," என்று சொல்லிவிட்டு மகளின் அறைக்குள் போனாள்.

கூடப் படித்தவர்களில் ஒருத்தி அடிக்கடி வீட்டுக்கு வருவாள். அவள் எண்ணை மகள் எங்காவது எழுதி வைத்திருப்பாள் என்று மேஜையின் மேல் இழுப்பறையைத் திறந்தாள். காலி. கீழ் இழுப்பறையும் காலி. சுவரில் வகுப்புப் புகைப்படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பழைய நாட்குறிப்பு இல்லை. கல்லூரியிலிருந்து வந்த உறைகள் இல்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். குப்பைக் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பேருந்துச் சீட்டு, ஒரு எண், எதுவும் இல்லை. கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருக்கிறாள்.

அம்மா கவிழ்த்த கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த அறைக்குள் அவன் ஒருநாளும் வரப்போவதில்லை என்று மகளுக்குத் தெரியும். வரப்போகிறவள் யார், எதைத் தேடி வருவாள் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் ஒன்று விடாமல் துடைத்துவைத்துவிட்டுப் போனது அம்மாவுக்குப் பயந்து.

கூடத்திலிருந்து அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கிடைச்சுதா அத்தை?"

இல்லை என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். கிடைத்திருந்தால் கொடுத்திருப்பாள்.